அறுவை முடிந்த முதல் இரண்டு மணி நேரம்: பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, இந்தப் பக்கம் வியாசர்பாடி, பெரம்பூர் வரை, பத்துப் பதினைந்து படுக்கை கொண்ட நர்சிங் ஹோம்கள் நிறைய இருக்கின்றன. குடல்வால், குடலிறக்கம், சிசேரியன், கர்ப்பப்பை, எலும்பு முறிவு என எல்லா ஆபரேஷனும் அங்கே நடக்கிறது. ஆனால் மயக்கம் தெளியும்வரை வைத்துப் பார்க்க ரெக்கவரி ரூம் என்று தனியாக ஒன்று பல இடங்களில் இல்லை. தியேட்டர் கதவு திறந்ததும் ஸ்ட்ரெச்சர் நேரே வார்டுக்குப் போகிறது. அங்கே இருக்கும் ஒரே சிஸ்டர்தான் எட்டுப் பேருக்கு ஊசி போட வேண்டும், டிரிப்ஸ் மாற்ற வேண்டும், போனும் எடுக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நோயாளி கண் விழித்து, பேரைக் கேட்டால் சொல்லி, தானாக இருமித் துப்பும் நிலைக்கு வரும்வரை அவரை மட்டுமே பார்க்க ஒரு செவிலியர் வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வேறு படுக்கை, வேறு வேலை கொடுக்கக் கூடாது. மானிட்டர் இருக்கிறதே, ஆள் எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இதைச் சற்று விவரமாக எழுதுகிறோம்.

"நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாரு, எழுப்பாதீங்க சிஸ்டர்" என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாகச் சொல்வார்கள். மயக்கம் தெளியாதவரின் குறட்டை தூக்கத்தின் குறட்டை கிடையாது. தாடைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, தொண்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கிறது. முழுதாக அடைத்துவிட்டால் சத்தமே வராது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போகும், வயிறு மேலே எழும்பும். பார்ப்பவருக்கு மூச்சு ஓடுவது போலவே தெரியும். மூக்கருகே புறங்கையை வைத்தால்தான் காற்று வரவில்லை என்பது புரியும். உடனே நெற்றியைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்க வேண்டும். போதவில்லை என்றால் இரண்டு கை விரல்களையும் காதுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்பும் மூலையில் வைத்து, கீழ்ப்பல் வரிசை மேல்பல் வரிசைக்கு முன்னால் வருமளவு தாடையைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த நொடியே மூச்சு சீராகிவிடும். கையை எடுத்தால் மறுபடி அடைக்கும். இதனால்தான் ஆள் வேண்டும் என்கிறோம். மானிட்டர் தாடையைப் பிடிக்காது.

மூச்சு திறந்ததும், கழுத்திலோ முதுகெலும்பிலோ அறுவை செய்யாதவராக இருந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து மேல்காலை மடக்கி வைப்பது நல்லது. வாந்தி வந்தாலும் ரத்தம் ஊறினாலும் வெளியே வழிந்துவிடும், நுரையீரலுக்குப் போகாது. நாக்கு அடைக்காமல் இருக்க வாயில் வைத்திருக்கும் ஏர்வே குழாயை நோயாளி நாக்கால் தள்ளத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலும் உள்ளே வைத்திருந்தால் ஓக்காளம் வந்து வாந்தியில் முடியும்.

அடுத்தது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு அது தெரியும். 98 காட்டினால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. முகமூடியில் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது, நிமிடத்துக்கு ஆறு மூச்சு மட்டும் விடுபவருக்கும் அது 98 காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். நோயாளி மேலும் மேலும் மயங்குவார். எண் கடைசியில்தான் விழும். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலிமருந்து போட்டவருக்கு இது கட்டாயம் நினைவில் இருக்க வேண்டும். நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. மூச்சு மெதுவாகும்போது ஒன்று கூடக் குறைய எண்ணினாலே கணக்கு நாலு மாறிவிடும். பத்துக்குக் கீழே வந்தால் மயக்க மருந்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும். எட்டுக்குக் கீழே என்றால் சத்தமாகக் கூப்பிட்டு எழுப்பி, மூச்சு விடச் சொல்லிக்கொண்டே உதவிக்கு அழைக்க வேண்டும். அந்த வலிமருந்தை முறிக்கும் நாலாக்ஸோன் போட்டதும் நோயாளி கண் திறந்துவிடுவார். அங்கேதான் ஏமாந்துவிடுகிறோம். அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரைதான். மார்ஃபின் அதற்கு மேலும் நிற்கும். விழித்தவர் மறுபடி மயங்குவார். அதனால் நாலாக்ஸோன் போட்டவரை உடனே வார்டுக்கு அனுப்பவே கூடாது.

இன்னொரு ஆபத்து கையில் குத்தியிருக்கும் ஊசிக்குழாயில் ஒளிந்திருக்கிறது. தியேட்டரில் போட்ட தசை தளர்த்தும் மருந்து ஒரு சொட்டு அந்தக் குழாயிலோ மூன்றுவழி அடைப்பானிலோ தங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்து வார்டில் ஆன்டிபயாடிக் ஏற்றும்போது அதுவும் சேர்ந்து உள்ளே போகும். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று மூச்சு விட முடியாமல் தவிப்பார். குழந்தைகளுக்கு இது இன்னும் மோசம். தியேட்டரை விட்டுக் கிளம்பும் முன் எல்லாக் குழாயையும் சலைன் விட்டுக் கழுவினாரா என்று வாங்கிக்கொள்ளும் செவிலியர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். தசைத் தளர்வு போய்விட்டதா என்று பார்க்க, தலையைத் தலையணையிலிருந்து தூக்கி ஐந்து நொடி நிறுத்தச் சொல்லுங்கள். தூக்க முடியாமல், கரையில் போட்ட மீன் மாதிரி துள்ளித் துள்ளி அசைந்தால் மருந்து இன்னும் பாக்கி இருக்கிறது.

கை காலை உதறுகிறார், முகமூடியைப் பிடுங்குகிறார், திட்டுகிறார் என்றால் "மயக்கத்துல உளறுறாரு, தூங்க ஊசி போடுங்க" என்று உறவினரும் சொல்வார்கள், சில சமயம் எங்கள் ஆட்களும் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். முதலில் ஆக்சிஜன் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். பிறகு பி.பி. அதன்பின் அடிவயிற்றைத் தொட்டுச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, அதன்பின் வலி. மூச்சு முட்டுவதால் துடிப்பவருக்குத் தூக்க ஊசி போட்டால் துடிப்பு நிற்கும், மூச்சும் நிற்கும்.

இனி ரத்தக்கசிவு. பி.பி. 120/80 இருக்கிறதே என்று திருப்தி அடையக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஏறக்குறைய 4.2 லிட்டர் ரத்தம் இருக்கும். திடகாத்திரமான இளைஞர் அதில் ஒரு லிட்டருக்கு மேல் இழக்கும்வரை பி.பி.யைத் தாங்கிப் பிடிப்பார். அதற்குள் நாடி 80-லிருந்து 100, 115 என்று ஏறியிருக்கும். கை கால் சில்லிட்டிருக்கும். நகத்தை அமுக்கி விட்டால் சிவப்பு திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகும். நாடி ஏறுவதுதான் முதல் எச்சரிக்கை மணி. வயதானவர்களிடம் கணக்கு வேறு. எப்போதும் 160 இருப்பவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு 110 என்றால் அது நார்மல் கிடையாது, விழுந்திருக்கிறது என்று பொருள். அதனால் பழைய பி.பி. என்ன என்பதை கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டும். முதல் கால் மணி நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு முதல் இரண்டு மணி நேரத்துக்கு கால் மணிக்கு ஒருமுறை நாடி, பி.பி., மூச்சு மூன்றையும் எழுதினால் இந்த ஏற்ற இறக்கம் தாளில் கோடாகவே தெரியும்.

மேல்கட்டு வெள்ளையாக இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது. ரத்தம் கீழ்நோக்கித்தான் ஓடும். இடுப்புக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள், போர்வையை விலக்கிப் பாருங்கள். சிசேரியன் ஆன தாய்க்குக் கால் மணிக்கு ஒருமுறை தொப்புள் அருகே அமுக்கிப் பார்த்தால் கர்ப்பப்பை தேங்காய் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்த மாவு போல் மெத்தென்று இருந்தால் தேய்த்துவிட்டுக்கொண்டே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சுருங்காது. சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். ஒரு பேட் கால் மணிக்குள் முழுதும் நனைந்தால் காத்திருக்க நேரம் இல்லை. "கொஞ்சம் அதிகமா போகுது" என்று சொல்வதை விட, நனைந்த பேடை எடை போட்டு, காய்ந்த பேடின் எடையைக் கழித்துச் சொல்லுங்கள். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லி. தராசு விலை ஒன்றும் பெரிதில்லை.

காயத்துக்குள் தேங்குவதை வெளியே எடுக்க வைத்திருக்கும் டிரெயின் குழாயின் பாட்டிலில் மணிக்கு 100 மில்லிக்கு மேல் ரத்தம் வந்தால் சொல்லியாக வேண்டும். எதுவுமே வரவில்லை என்றாலும் நம்பிவிடக் கூடாது, குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். தைராய்டு ஆபரேஷனில் இது உயிரோடு விளையாடும். கழுத்துக்குள் தேங்கும் ரத்தம் அளவில் கொஞ்சமாக இருந்தாலும், தொண்டையை வீங்க வைத்து மூச்சுப் பாதையை நெருக்கிவிடும். கட்டு இறுக்கமாகிறது என்பார், குரல் மாறும், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்வார், மூச்சு இழுக்கும்போது விசில் போலச் சத்தம் வரும். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோகக் கூட நேரம் இருக்காமல் போகலாம். படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தக்கட்டியை எடுக்க வேண்டி வரும். கத்தரி, கிளிப் எடுக்கும் கருவி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், துணி அடங்கிய தட்டு அந்தப் படுக்கையின் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். பீரோவில் பூட்டி, சாவி இன்சார்ஜ் சிஸ்டர் வீட்டில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

டான்சில் எடுத்த குழந்தை தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால், டார்ச் அடித்துத் தொண்டையைப் பாருங்கள். எச்சில் இல்லை, ரத்தத்தை விழுங்குகிறது.

இந்தப் பகுதியில் இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரத்த வங்கியும் தீவிர சிகிச்சையும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும் என்றால், எண்ணூர், மணலி சாலைகளில் கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டிப் போக வேண்டும். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போக வேண்டும். 108 வேகமாக வந்தாலும் சாலை நம் கையில் இல்லை. நாடி 110 ஆனபோது எடுக்கும் முடிவுக்கும், பி.பி. 70 ஆனபோது எடுக்கும் முடிவுக்கும் இடையில் அந்தப் பயணம்தான் நிற்கிறது.

சிறுநீர் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். குறைந்தால் முதலில் டியூபைப் பாருங்கள். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது கிளாம்ப் போட்டுவிட்டு, படுக்கைக்கு வந்ததும் திறக்க மறந்துபோவது அன்றாடம் நடக்கும் தவறு.

நம் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்காவது சர்க்கரை இருக்கிறது. காலையில் மாத்திரை போட்டு, நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, மாலையில் ஆபரேஷன் ஆனவர் கண் விழிக்கவில்லை என்றால் மயக்க மருந்து என்று முடிவு கட்டாதீர்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் ஊசி வழியாக குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

முதுகில் ஊசி போட்டவருக்குத் தலையணை வைத்தால் தலைவலி வரும் என்று வார்டு வார்டாக ஒரு நம்பிக்கை ஓடுகிறது. 24 மணி நேரம் மட்ட மல்லாக்கப் போட்டு வைக்கிறார்கள். மட்டமாகப் படுப்பது அந்தத் தலைவலியைத் தடுப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. ஊசித் துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் வருவது அது. ஊசி எவ்வளவு மெலிது, அதன் முனை எப்படி என்பதுதான் கணக்கு. பி.பி. நிலையாக இருந்து, கால் உணர்வு திரும்பிக்கொண்டிருந்தால் தலையணை வைப்பதில் தவறில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டிய தாயை இந்தக் காரணம் சொல்லி மல்லாக்கக் கிடத்துவது வீண் கஷ்டம். உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது.

அதே நோயாளிக்கு நாங்கள் உண்மையில் பயப்படுவது வெந்நீர்ப் பைக்குத்தான். குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும்போது, பாசத்தில் யாராவது காலடியில் வெந்நீர் பாட்டிலை வைத்துவிடுவார்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஈரத் துணியை மாற்றி, உலர்ந்த கம்பளியை இரண்டாகப் போர்த்தி, தலைக்கும் துணி சுற்றி, ஏ.சி.யை நிறுத்துங்கள். நடுக்கம் சின்ன விஷயம் இல்லை. உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜனைப் பல மடங்கு கூட்டும், இதய நோயாளிக்கு அது தாங்காது. விரலில் மாட்டிய கருவியும் அந்த ஆட்டத்தில் தப்பாகக் காட்டும். நெயில் பாலிஷும் சில்லிட்ட விரலும் கூட அதைக் குழப்பும். பி.பி. கட்டிய அதே கையில் ஆக்சிமீட்டரை மாட்டினால், பட்டை இறுகும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். நாலு முறை அடித்ததும் யாராவது அலாரத்தையே நிறுத்திவிடுவார்கள். மறு கையில் மாட்டினால் தீர்ந்தது.

கைக்கு வருவோம். கை அறுவைக்குப் பேர்போன ஸ்டான்லி மருத்துவமனை இருக்கும் ஊர் இது. லேத்திலும் பிரஸ் மெஷினிலும் விரல் போனவர்கள் இங்கே அதிகம். ஒட்டவைத்த விரலை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வெளிறிச் சில்லிட்டால் உள்ளே ரத்தம் வரவில்லை. நீலம் பாய்ந்து வீங்கினால் வந்த ரத்தம் திரும்பவில்லை. இரண்டுக்கும் உடனே சொன்னால் காப்பாற்ற வழி உண்டு. கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில் தூக்கி வைத்து, அறையைக் கதகதப்பாக வைக்க வேண்டும். அந்தப் படுக்கைப் பக்கம் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது. நிகோடின் நுண்ணிய ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். மாவுக்கட்டு போட்டவர் ஊசிக்கும் அடங்காத வலி என்றால், விரல்களை மெதுவாக நீட்டிப் பாருங்கள். அலறினால் கட்டு இறுகுகிறது. அங்கே அடுத்த வலி ஊசி போட்டுத் தூங்க வைப்பது கையையோ காலையோ இழக்க வைக்கும்.

மற்றபடி வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்வதில் புண்ணியம் எதுவும் இல்லை. வயிறு வலித்தால் ஆழமாக மூச்சு விட மாட்டார், இரும மாட்டார், சளி தேங்கிக் காய்ச்சல் வரும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுங்கள். நரம்பில் ஏற்றும் பாராசிட்டமால் ஒரு கிராம், 15 நிமிடத்தில் ஏற்றுவது. 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 24 மணி நேரத்தில் எல்லா வழியிலும் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த டோலோவும் அதே மருந்துதான். சிஸ்டருக்குத் தெரியாமல் கொடுத்தால் கணக்கு தப்பும்.

வாய்க்குக் கொடுப்பதிலும் பாசம்தான் வில்லங்கம். பிளாஸ்கில் காபியும் இளநீரும் தயாராக இருக்கும். சில ஆபரேஷன்களுக்குப் பிறகு சீக்கிரமே குடிக்கலாம், சிலவற்றுக்கு ஆகாது. ஆனால் யாராக இருந்தாலும் முழுதாக விழிக்காதவருக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் கூட நுரையீரலுக்குள் போகலாம். நாக்கு வறண்டால் ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள், அது போதும்.

சாமான்கள் பற்றி நர்சிங் ஹோம் நடத்துபவர்களுக்கு இரண்டு வார்த்தை. பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் நாலு மணி நேரம் வரும். முள் கால் பங்கில் நின்றால் ஒரு மணி நேரம்தான். நோயாளி வருவதற்கு முன்பே முள்ளைப் பாருங்கள், சாவியைச் சிலிண்டரிலேயே கட்டி வையுங்கள். கரண்ட் போனால், வாயில் தேங்கும் சளியையும் வாந்தியையும் உறிஞ்சும் சக்ஷன் மெஷின் நிற்கும். காலால் மிதிக்கும் சக்ஷன் ஒன்று படுக்கைக்கு அடியில் இருக்க வேண்டும். தலைப்பக்கம் சாய்க்க முடியாத இரும்புக் கட்டிலில் மயக்கம் தெளியாதவரைப் போடக் கூடாது.

எப்போது வார்டுக்கு அனுப்பலாம் என்பதை மணியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1970-இல் வந்து, பின்னர் திருத்தப்பட்ட ஆல்ட்ரெட் மதிப்பெண் இன்றும் கை கொடுக்கிறது. கை கால் அசைவு, மூச்சு, பி.பி., விழிப்பு, ஆக்சிஜன் அளவு என ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண்; பத்துக்கு ஒன்பது வந்தால் அனுப்பலாம். போடுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் கால் மணிக்கு ஒருமுறை ஒரே 120/80, 98 என்று நாலு வரி கடைசியில் சேர்த்து எழுதினால் அந்தத் தாள் யாருக்கும் பயன்படாது. மனித உடம்பு நாலு தடவையும் ஒரே எண்ணைக் காட்டாது. அப்படி எழுத நேரும் செவிலியரைக் குறை சொல்லும் முன், அன்று அவர் கையில் எத்தனை படுக்கை இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

நோயாளியின் குடும்பத்தாருக்கு: பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும், தெருவே வர வேண்டாம். அந்த ஒருவர் சேலை முனையாலோ துண்டாலோ விசிறுவதை விட, முகத்தையும் நெஞ்சையும் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய உதவி. குறட்டை, திடீர் அமைதி, உதடு நீலம், போர்வையில் ஈரம், பிதற்றல் இவற்றில் எது தெரிந்தாலும் தயங்காமல் எங்களைக் கூப்பிடுங்கள். பத்து முறை கூப்பிட்டாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் நோயாளியை எங்கே வைப்பீர்கள்? கண் விழிக்கும்வரை யார் பக்கத்தில் இருப்பார்? மயக்க மருந்து டாக்டர் எப்போது கிளம்புவார்? மூன்றாவது முக்கியம். ஒரே டாக்டர் அடுத்த நர்சிங் ஹோமில் அடுத்த கேஸுக்கு ஓட வேண்டியிருப்பது இங்கே வழக்கம். நோயாளி பேசும்வரை அவர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். கிளம்பிய பிறகு மூச்சுப் பிரச்சினை வந்தால் பத்து நிமிடத்துக்குள் யார் வருவார் என்ற பெயரும் போன் எண்ணும் கேஸ் ஷீட்டின் மேல் எழுதியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அறுவைக்குப் பிந்தைய பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை